பிள்ளைக்குக் கேன்சர் என்று தெரிந்த வாரம்: கையில் இருக்கும் போனை என்ன செய்வது?

என் பையனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஏஎல்எல் என்று சுருக்கமாகச் சொல்லும் வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். ஒட்டன்சத்திரத்திலிருந்து சென்னைக்கு வந்து, வார்டில் கட்டில் கிடைத்து, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்த பிறகுதான் போனை எடுத்தேன். 71 மிஸ்டு கால். காலையில் என் வீட்டுக்காரர் பதற்றத்தில் பையன் படத்தை ஸ்டேட்டஸில் போட்டு, 'எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எனக்கு அறிமுகமே இல்லாத மூன்று குழுக்களுக்குப் போய், 'இந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்து நாள்தான்' என்ற வரியோடு எனக்கே திரும்பி வந்தது.

அதற்கப்புறம் இரண்டரை வருடம் சிகிச்சை நடந்தது. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் யூடியூபும் இல்லாமல் அந்தக் காலத்தை ஓட்டியிருக்க முடியாது. அவற்றால் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது அதே வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். கீமோ சூடு பிடித்துவிட்டால் பிறகு நேரமே கிடைக்காது.

1. முதல் மூன்று நாள்: ஊருக்குப் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள்

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு முழுதாக வரச் சில நாள் ஆகும், சில பகுதிகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி: 'எத்தனையாவது ஸ்டேஜ்?' இந்த வகை ரத்தப் புற்றுநோயில் கட்டிகளுக்குப் போல ஸ்டேஜ் கணக்கு கிடையாது, ரிஸ்க் பிரிவுதான் உண்டு. வயது, முதல் நாள் வெள்ளணு எண்ணிக்கை, மரபணுப் பரிசோதனை, முதல் மாத மருந்துக்கு உடம்பு எப்படிக் கேட்கிறது என்பதையெல்லாம் வைத்துப் பிரிப்பார்கள். இதை எழுபத்தொரு பேருக்கும் விளக்க உங்களுக்குத் தெம்பு இருக்காது.

எங்கள் வீட்டில் என் நாத்தனார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவள் போனில் ஒரு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட். குழு வேண்டாம், குழு என்றால் ஆளாளுக்குப் பேசுவார்கள். லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், பதில் அவளுக்கு மட்டும் வரும். ஒரு சங்கடம்: அவள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். அதை முதலிலேயே சொல்லிச் சேமிக்க வைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு செய்தி, வெள்ளிக்கிழமை. அது இப்படித்தான் இருக்கும்: 'இந்த வார ஊசி முடிந்தது. சாப்பிடுகிறான். பார்க்க வர வேண்டாம், தொற்று பயம். அண்ணிக்குப் போன் செய்ய வேண்டாம், என்னிடம் கேளுங்கள்.' கடைசி வரியை ஒவ்வொரு வாரமும் எழுத வேண்டியிருந்தது.

2. போனை ஒழுங்கு செய்யுங்கள்: அரை மணி நேர வேலை

வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் பூப்படங்களால் இடம் நிரம்பி, ரிப்போர்ட்டைப் படம் எடுக்கப் போகும்போது போன் மறுக்கும். சொந்தக்காரர் குழுக்களை மியூட் செய்யுங்கள். வெளியேறினால் சண்டை வரும், மியூட் செய்தால் யாருக்கும் தெரியாது. ஸ்டேட்டஸ், புரொஃபைல் படம் இரண்டையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளை ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள்.

அடுத்தது காகிதங்கள். போனில் ஒரே ஃபோல்டர் போட்டு, கீழே உள்ளவற்றை நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். நிழல் விழுந்த படத்தை எந்த அறக்கட்டளையும் ஏற்காது.

- நோயை உறுதிசெய்த பயாப்ஸி அல்லது எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்
- மருத்துவமனை லெட்டர்ஹெட்டில், டாக்டர் கையெழுத்தும் சீலும் உள்ள செலவு மதிப்பீடு
- எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகளும், தேதி வாரியாக
- பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார்
- அப்பா, அம்மா ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம்
- ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ்
- பாஸ்போர்ட் அளவுப் படம்

இந்த ஃபோல்டரை வீட்டுக்காரர் போனிலும் ஒரு நகல் வையுங்கள். என் போன் ஒரு நாள் மருத்துவமனை டே கேர் வார்டுக் கழிவறையில் தண்ணீருக்குள் விழுந்தது. அதோடு மூன்று மாத ரிப்போர்ட்டும் போனது.

3. ரத்தமும் பிளேட்லெட்டும் கேட்கும் செய்தி

நான் செய்த பெரிய தப்பு இதில்தான். இரண்டாவது வாரம் ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கியதும், 'அவசரம்! 5 வயதுக் குழந்தைக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம் தேவை, உடனே பகிரவும்' என்று என் எண்ணோடு போட்டேன். தேதி எழுதவில்லை. அன்று இரவு பன்னிரண்டு மணி வரை அழைப்பு. நாலு பேர் போதும் என்ற இடத்தில் நாற்பது பேர். அடுத்த மாதம் நிஜமாகவே தேவைப்பட்டபோது அவர்களில் பாதிப்பேர் போனை எடுக்கவில்லை. அந்தச் செய்தி இன்னமும் சுற்றுகிறது. போன மாதம் கூடத் திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், 'அக்கா, ரத்தம் கிடைச்சுதா?' என்று கேட்டான். என் பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான் என்றேன்.

செய்தி இப்படி இருக்கட்டும்:

'தேவை: எஸ்டிபி பிளேட்லெட், ஓ பாசிட்டிவ், 1 யூனிட். இடம்: இந்த மருத்துவமனை ரத்த வங்கி, இத்தனையாவது மாடி. நேரம்: 14.03.2022 காலை 9 முதல் 1 வரை. 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்கு மேல், கடந்த 3 நாளில் ஆஸ்பிரின் சாப்பிடாதவர். தொடர்புக்கு: இந்த எண். 14ஆம் தேதி மாலைக்குப் பிறகு பகிர வேண்டாம்.'

தேவை தீர்ந்ததும் அதே இடங்களில் 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று போட்டு, பழைய செய்தியை அழித்துவிடுங்கள். தொடர்பு எண் உங்களுடையதாக இருக்க வேண்டாம். பிள்ளை பெயரும் படமும் இதற்குத் தேவையே இல்லை.

எஸ்டிபி என்பது ஒரே ஆளிடமிருந்து இயந்திரம் வழியாகப் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுப்பது. கொடுப்பவர் ஒன்று, ஒன்றரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். முன்னதாக நரம்பும் ரத்தமும் சோதிப்பார்கள், ஆகவே அரை நாள் ஒதுக்கி வரச் சொல்லுங்கள். தனியார் இடங்களில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் ஆகும், காப்பீட்டில் வருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். ஒரே நாளில் பத்துப் பேரை வரவழைத்துப் பிரயோஜனம் இல்லை. டைரியில் பெயர், பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி என்று எழுதி வைத்து, முறைபோட்டுக் கூப்பிடுங்கள். முழு ரத்தம் கொடுத்தவர் என்றால் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. 'நான் ரத்தம் தர்றேன், இவ்வளவு கொடுங்க' என்று யாராவது கேட்டால் பேச்சைத் துண்டித்துவிடுங்கள். காசுக்கு ரத்தம் வாங்குவது நம் நாட்டில் தடை. அடுத்தது, அப்பாவோ சித்தப்பாவோ உணர்ச்சிவசப்பட்டு 'என் ரத்தத்தையே எடுங்க' என்பார்கள். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம் என்ற பிள்ளைக்கு நெருங்கிய ரத்த உறவுகளின் ரத்தத்தைத் தவிர்க்கச் சொல்வதுண்டு. டாக்டரைக் கேட்காமல் வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

4. பெற்றோர் குழுவில் சேரும்போது

ஒவ்வொரு வார்டிலும் பெற்றோர்கள் தாங்களாகவே தொடங்கிய ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். சேருங்கள். ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் மாதத்தில் பிள்ளை இரவு மூன்று மணிக்கு எழுந்து புளிச்சாதம் கேட்டு அழும் என்பதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, குழுவில் ஒரு ஈரோட்டு அம்மாதான் சொன்னார். ரயில் சலுகையும் அங்கேதான் தெரிந்தது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் மருத்துவமனைச் சான்று வாங்கி, ரயில் நிலைய முன்பதிவுக் கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு இலவசத் தங்குமிடம் தரும் செயின்ட் ஜூட் மையங்கள் சென்னையில் இருப்பதும் அப்படித்தான் தெரிந்தது. அங்கே நேராகப் போய் நிற்க முடியாது, மருத்துவமனைச் சமூகப் பணியாளர் மூலமாகக் கேட்க வேண்டும்.

குழுவில் கேட்கக் கூடாததும் ஒன்று உண்டு: காய்ச்சல்.

நாலாவது மாதம், இரவு இரண்டு மணி. தெர்மாமீட்டரில் 100.8. பையன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். குழுவில் கேட்டேன். 'எங்க பாப்பாவுக்கும் வந்துச்சு, சிரப் கொடுங்க, காலையில பாத்துக்கலாம்' என்று ஒருவர், 'ஈரத்துணி போடுங்க' என்று ஒருவர். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மருத்துவமனைக்குப் போனபோது, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் எண்ணிக்கை வெறும் 90. ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி. 'இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால்' என்று தொடங்கிய டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

100.4 டிகிரி தொட்டால் போனில் திறக்க வேண்டியது டயல் பேட் மட்டும்தான். மருத்துவமனை அவசர எண்ணை அழைத்து, கிளம்பிக்கொண்டே பேசுங்கள். அவர்கள் சொல்லாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த எண்ணை இருவர் போனிலும் சட்டென்று கண்ணில் படும் பெயரில் சேமியுங்கள். அதே போல வாயில் ரத்தம், தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, வலிப்பு, மூச்சுத்திணறல் எதையும் குழுவில் கேட்க வேண்டாம். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட மருந்தளவு உங்கள் பிள்ளைக்கு ஆகாது. எடை வேறு, ரிஸ்க் பிரிவு வேறு.

குழுவில் சில நாள் ஒரு பிள்ளையின் படம் பூமாலையோடு வரும். யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், டீ குடித்துக்கொண்டே திறப்பீர்கள். எனக்கு மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு காலையில் குழுவைத் திறப்பதை நிறுத்தி, மாலையில் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பார்த்தேன்.

5. யூடியூப் வைத்தியம்

ஒரு முறை 'கேன்சர்' என்று தேடினால் போதும், அதற்கப்புறம் சமையல் வீடியோவுக்கு நடுவிலும் முள்சீத்தா இலை வந்து நிற்கும். எனக்கு வந்தவை: முள்சீத்தா கஷாயம், கோதுமைப்புல் சாறு, கருஞ்சீரகப் பொடி, பிளேட்லெட் ஏறப் பப்பாளி இலைச் சாறு. அனுப்புபவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். வெள்ளணு இல்லாத உடம்புக்குப் பச்சை இலைச் சாறு என்றால் அதில் வரும் கிருமியே போதும், பெரிய ஆபத்து. கல்லீரல் ஏற்கெனவே கீமோ மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் பொடியையும் சுமத்தாதீர்கள். பெரியவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. 'டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுக்கிறேன் அத்தை' என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே டாக்டரைக் கேளுங்கள். எங்கள் டாக்டரின் பதில் எப்போதும் ஒரே வார்த்தை.

கூகுளில் படிக்கும் 'இத்தனை பேர் உயிர்பிழைப்பார்கள்' என்ற சதவீதம் பெரும்பாலும் வெளிநாட்டுக் கணக்கு, அல்லது பெரியவர்களின் கணக்கு. குழந்தைகளுக்கு வரும் ஏஎல்எல்லும் ஐம்பது வயதுக்காரருக்கு வரும் ஏஎல்எல்லும் பெயரில்தான் ஒன்று. கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த ஓபி அன்று கேளுங்கள்.

6. பணம் கேட்பது: வரிசை முக்கியம்

பதற்றத்தில் எல்லோரும் முதலில் ஆன்லைன் நிதி திரட்டலுக்குப் போகிறார்கள். அது கடைசி. வரிசை இதுதான்.

முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க் கட்டணம். காப்பீட்டு அட்டைக்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எங்கள் கார்டில் இல்லை, சேர்க்கப் பன்னிரண்டு நாள் போயிற்று.

இரண்டாவது, பிரதமரின் தேசிய நிவாரண நிதி. இரண்டு படம், முகவரிச் சான்று, வருமானச் சான்றிதழ், நோயின் பெயரும் உத்தேசச் செலவும் எழுதிய அசல் மருத்துவச் சான்று வேண்டும். பணம் மருத்துவமனைக்கே போகும். கட்டி முடித்த பில்லை இதில் திரும்பப் பெற முடியாது, அதனால் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். மூன்றாவது, மருத்துவமனைச் சமூகப் பணியாளர். எந்த அறக்கட்டளை எந்த மருந்துக்குக் கொடுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

இவ்வளவுக்கும் பிறகு பற்றாக்குறை இருந்தால் மிலாப், கெட்டோ போன்ற ஆன்லைன் நிதி திரட்டும் தளங்கள். பக்கம் தொடங்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: தளக் கட்டணம் எவ்வளவு, பணம் வரும் வழிக்கான கட்டணம் எவ்வளவு, அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா, விளம்பரச் செலவு வசூலிலிருந்து கழியுமா. கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. ஒரு தளத்தில் எங்கள் பக்கத்துக்கு வந்த தொகையில் விளம்பரத்துக்குப் போனது போக மீந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் கால்குலேட்டரை இரண்டாம் முறை தட்டிப் பார்த்தார். வாய்ப்பேச்சாக 'பூஜ்ஜியக் கட்டணம்' என்றால் எதற்குப் பூஜ்ஜியம் என்று கேளுங்கள்.

பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுத்தால் கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும், உங்களுக்கும் பின்னால் கணக்குக் கேள்வி வராது. தனிநபருக்குக் கொடுப்பதற்கு நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு கிடையாது என்பதைச் சொந்தக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யுபிஐ க்யூஆர் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். உங்கள் பிள்ளை படத்தை அப்படியே எடுத்து, க்யூஆரை மட்டும் மாற்றி வேறு எவனோ வசூல் செய்வான். 'உங்களுக்கு ஐம்பதாயிரம் அனுப்பறேன், இதுல பின் போடுங்க' என்று அழைப்பு வரும். பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை, போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கிவைக்க முடியும்.

7. பிள்ளையின் படம்

கையில் கட்டியிருக்கும் பட்டை, கட்டில் பலகை, பள்ளிச் சீருடைச் சின்னம், ரிப்போர்ட்டில் உள்ள பதிவு எண், எல்லாவற்றையும் படம் போடும் முன் மறையுங்கள். நிதிப் பக்கத்தில் அழும் படம் வேண்டும் என்று தளத்தின் ஆள் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முடி கொட்டிய வாரம் என் பையன் தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். நான் போனைத் தூக்கியதும், 'அம்மா, ஸ்கூல்ல யாரும் பாக்க மாட்டாங்கதானே?' என்றான். நிதிப் பக்கத்தில் அதற்கு முன்பே இரண்டு படம் போட்டிருந்தேன். அன்று இரவே இரண்டையும் எடுத்துவிட்டு, அவனுடைய செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கும் படத்தைப் போட்டேன். வசூல் ஒன்றும் குறையவில்லை. நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

8. சிகிச்சை முடிந்த மாதம் செய்ய வேண்டியவை

நிதிப் பக்கத்தை மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள், படங்களை நீக்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். மூடினாலும் படங்கள் அப்படியே நிற்கும். பிள்ளை பெயரையும் ஊரையும் சேர்த்துக் கூகுளில் தேடிப் பாருங்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கு நாத்தனாரின் லிஸ்ட்டில் கடைசிச் செய்தி ஒன்று அனுப்புங்கள்.

போனை மாற்றும் முன் அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்றுங்கள். கூடவே மருத்துவமனையில் 'ட்ரீட்மென்ட் சம்மரி' கேட்டு வாங்குங்கள். எந்தெந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும், முக்கியமாக இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்துகளான டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் மொத்த அளவு. இதயப் பரிசோதனை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். விட்டுப்போன தடுப்பூசிகளை எப்போது தொடங்கலாம் என்றும் அப்போதே கேளுங்கள், பெரும்பாலும் கீமோ முடிந்து ஆறு மாதம் கழித்துத் தொடங்குவார்கள். எங்களுக்கு அந்தச் சம்மரி கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று, அதனால் கடைசி ஓபிக்கு முந்தைய ஓபியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.